நோவா ஸ்கோஷியா: எந்தக் கரையின் கலங்கரை விளக்கங்களைத் தேடிப் போவது?

நோவா ஸ்கோஷியாவில் எந்த ஊரில் நின்றாலும் ஒரு மணி நேரம் கார் ஓட்டினால் கடலுக்குப் போய்விடலாம். கனடாவின் கிழக்கு விளிம்பில் அட்லாண்டிக்குக்குள் நீண்டு கிடக்கும் இந்த மாகாணத்தில் 150க்கும் மேற்பட்ட கலங்கரை விளக்கங்கள் இருக்கின்றன. டொரன்டோவிலிருந்து மாகாணத் தலைநகர் ஹாலிஃபாக்ஸுக்கு விமானத்தில் ஏறத்தாழ இரண்டு மணி நேரம்தான் என்பதால், டொரன்டோவில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கும், ஊரிலிருந்து அவர்களைப் பார்க்க வரும் பெற்றோருக்கும் இது கைக்கெட்டும் கோடைப் பயணம். குழப்பம் வரைபடத்தை விரித்தவுடன் தொடங்குகிறது. சிறிய மாகாணம்தானே, ஒரு வாரத்தில் முழுவதையும் சுற்றிவிடலாம் என்று தோன்றும். மேற்கு முனையில் உள்ள யார்மத்திலிருந்து கிழக்கு முனையில் உள்ள லூயிஸ்பர்க்குக்கு 700 கிலோமீட்டருக்கு மேல். அதில் கடலோரச் சாலைகளின் வளைவுகளைச் சேர்க்கவில்லை. முழுவதையும் பார்க்க ஆசைப்படுபவர்களுக்குக் கார்க் கண்ணாடி வழியே தெரிந்த கடல்தான் மிஞ்சும்.

ஆகவே கரையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மூன்று இருக்கின்றன: ஹாலிஃபாக்ஸுக்குத் தென்மேற்கே நீளும் தென்கரை, மாகாணத்தின் மறுபக்கத்தில் பண்டி விரிகுடாவின் கரை, வடகிழக்கில் கேப் பிரெட்டன் தீவு. பெரும்பாலான பயணக் குறிப்புகள் இவற்றைக் காட்சியழகை வைத்து ஒப்பிடுகின்றன. மூன்றுமே அழகானவை, அதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. நீங்கள் போகும் மாதத்தில் எந்தத் துறைமுகத்தில் படகுகள் உண்மையிலேயே வேலை செய்துகொண்டிருக்கும் என்பதே நான் முதலில் கேட்கும் கேள்வி. சாப்பாட்டுத் தட்டில் என்ன வரும் என்பதற்கும் அதிலேயே பதில் இருக்கிறது.

தென்கரையிலிருந்து தொடங்குவோம், ஏனென்றால் எல்லோரும் அங்கிருந்துதான் தொடங்குகிறார்கள். ஹாலிஃபாக்ஸிலிருந்து 43 கிலோமீட்டரில் பெக்கீஸ் கோவ். சிவப்புத் தலையும் வெள்ளை உடலுமாக கருங்கல் பாறைகளின் மேல் நிற்கும் அந்தக் கலங்கரை விளக்கம் 1915இல் கட்டப்பட்டது. ஒருகாலத்தில் அதன் கீழ்த்தளத்தில் தபால் நிலையம் இயங்கியது. கனடாவில் மிக அதிகமாகப் படமெடுக்கப்பட்ட இடங்களில் ஒன்று இது. ஜூலை மாத மதிய வேளையில் அங்கே போனால் கலங்கரை விளக்கத்தை விட மனிதர்களைத்தான் அதிகம் பார்ப்பீர்கள். காலை எட்டு மணிக்கு முன்போ, மாலை ஏழு மணிக்குப் பின்போ போய்ப் பாருங்கள். ஓர் எச்சரிக்கையை எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் போதாது: ஈரமாகிக் கறுத்திருக்கும் பாறைகளில் கால் வைக்கவே கூடாது. அமைதியாகத் தெரியும் கடலிலிருந்தும் திடீரென்று பெரிய அலை எழுந்து ஆளை இழுத்துக்கொண்டு போயிருக்கிறது. முதியவர்களுக்கும் சக்கர நாற்காலியில் வருபவர்களுக்கும் 2021இல் ஒரு மேடை கட்டித் திறந்திருக்கிறார்கள். அங்கிருந்தே நன்றாகப் பார்க்கலாம்.

அந்த ஊரை விட்டுக் கிளம்பும்போது சிறிது தொலைவில் இருக்கும் நினைவிடத்தில் வண்டியை நிறுத்துங்கள். 1998 செப்டம்பர் 2ஆம் நாள் இரவு ஸ்விஸ்ஏர் விமானம் ஒன்று இந்தக் கடலில் விழுந்து 229 பேர் இறந்தார்கள். அன்றிரவு இப்பகுதி மீனவர்கள் தங்கள் சொந்தப் படகுகளில் தேடப் போனார்கள். கலங்கரை விளக்கத்தைப் படமெடுக்க வரும் கூட்டத்தில் பலர் இந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள் என்பது எனக்கு எப்போதும் வருத்தம்.

அடுத்து மூன்று தேவாலயங்கள் நீரில் நிழல் விழ வரிசையாக நிற்கும் மஹோன் பே, அதையடுத்து லூனன்பர்க். 1753இல் ஜெர்மன் மொழி பேசிய புராட்டஸ்டன்ட் குடியேறிகளைக் கொண்டு பிரிட்டிஷார் அமைத்த ஊர். மேட்டு நிலத்தின் சரிவைப் பொருட்படுத்தாமல் கட்டம் போட்டு வகுத்த தெருக்களும், பல வண்ண மரவீடுகளும் இன்றும் அப்படியே இருப்பதால் 1995இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. கனடாவின் பத்து சென்ட் நாணயத்தில் 1937 முதல் இடம்பெற்றிருக்கும் புளூநோஸ் என்ற பாய்க்கப்பல் 1921இல் இங்கேதான் நீரில் இறக்கப்பட்டது. 1963இல் அதன் மறுவடிவமாகக் கட்டிய கப்பலுக்கும் இதுவே தாய்த்துறைமுகம். உணவும் அந்த ஜெர்மன் வேரிலிருந்து வந்தது: பன்றி இறைச்சி சாசேஜ், புளிக்கவைத்த முட்டைக்கோஸ், வெங்காயத்துடன் வினிகரில் ஊறவைத்த ஹெர்ரிங் மீன். அந்த ஊறல் மீனைத் தயங்காமல் சாப்பிட்டுப் பாருங்கள். புளிப்புக்குப் பழகிய நம் நாக்குக்கு அது அந்நியமாக இருக்காது.

இங்கே ஓர் உண்மையைச் சொல்ல வேண்டும். லூனன்பர்க்கில் கோடையில் தட்டில் வரும் சிங்கி இறால் அன்று காலை பிடித்ததாக இருக்காது. தென்கரையிலும் தென்மேற்குக் கரையிலும் சிங்கி இறால் பிடிக்கும் பருவம் நவம்பர் கடைசித் திங்கட்கிழமை தொடங்கி மே 31இல் முடிகிறது. கோடையில் இறால் ஓடு உரிக்கும். புது ஓட்டுக்குள் சதை குறைவாக இருக்கும். குளிர்காலத்தில் ஓடு கெட்டியாகி உள்ளே சதை நிறைந்திருக்கும்போதுதான் இங்கே இறால் பிடிக்கும் கூடுகளைக் கடலில் இறக்குகிறார்கள். ஜூலையில் நீங்கள் காண்பது கரையில் அடுக்கிவைத்த காலிக் கூடுகளை. உணவகங்கள், தொட்டிகளில் உயிரோடு வைத்திருந்த இறாலையோ வேறு கரையிலிருந்து வந்ததையோ தருகின்றன. அதுவும் நன்றாகவே இருக்கும். ஆனால் துறைமுகம் வேலை செய்வதைப் பார்க்க வேண்டும் என்று போகிறவர்களுக்கு இந்தக் கரையின் கோடை ஓய்வுக்காலம்.

பலர் லூனன்பர்க்கோடு திரும்பிவிடுகிறார்கள். தென்கரையைத் தேர்ந்தெடுத்தால் தயவுசெய்து அதற்கு அப்பாலும் போங்கள். ஷெல்பர்னில் 1783இல் அமெரிக்கப் புரட்சியிலிருந்து தப்பி வந்தவர்கள் குடியேறினார்கள். அவர்களில் விடுதலை பெற்ற கறுப்பினத்தவர் அருகிலுள்ள பர்ச்டவுனில் தங்கவைக்கப்பட்டார்கள். வாக்களித்த நிலம் கிடைக்காமல், குளிரிலும் பசியிலும் துன்பப்பட்டு, 1792இல் ஏறத்தாழ 1,200 பேர் ஹாலிஃபாக்ஸிலிருந்து சியரா லியோனுக்குக் கப்பலேறினார்கள். அந்த வரலாற்றைச் சொல்லும் அருங்காட்சியகம் பர்ச்டவுனில் இருக்கிறது. இந்தக் கரையில் ஓர் இடத்தில்தான் மணிக்கணக்கில் நிற்க முடியும் என்றால் நான் அங்கே நிற்பேன்.

ஹாலிஃபாக்ஸிலிருந்து 300 கிலோமீட்டரில் யார்மத். அதன் துறைமுக வாயிலில் கேப் ஃபோர்ச்சு கலங்கரை விளக்கம். 1840இல் முதலில் கட்டியதை மாற்றிவிட்டு 1962இல் எழுப்பிய கோபுரம், நடுவில் ஒடுங்கி உயரமாக நிற்கிறது. கோடையில் உள்ளே ஏறிப் பார்க்கலாம். பெக்கீஸ் கோவில் வெளியே நின்று பார்ப்பதற்கும், இங்கே படியேறி விளக்கறையிலிருந்து கடலைப் பார்ப்பதற்கும் உள்ள வேறுபாட்டை ஏறிப் பார்த்தவர்கள் அறிவார்கள். பழைய கோபுரத்தின் பெரிய ஃபிரெனெல் வில்லை, ஊருக்குள் உள்ள அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அடுக்கடுக்கான கண்ணாடிப் பட்டகங்கள் ஒரு சிறு சுடரின் ஒளியை ஒன்றுதிரட்டிப் பல கடல் மைலுக்கு அனுப்பிய விதத்தை அருகிலிருந்து பார்த்தால்தான் புரியும்.

மறுபக்கத்துக்கு வருகிறேன். என் மனம் பண்டி விரிகுடாவின் பக்கம் சாய்ந்திருப்பதை மறைக்கப்போவதில்லை.

கடல்நீர் ஏறி வற்றும் ஓதம் உலகிலேயே மிகப் பெரிதாக இருப்பது இங்கேதான். விரிகுடாவின் உட்கோடியில், பெரிய ஓதங்களின்போது நீர் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே 16 மீட்டர் வரை வேறுபாடு இருக்கும். அதே மாகாணத்தின் ஹாலிஃபாக்ஸ் துறைமுகத்தில் அது இரண்டு மீட்டரைச் சுற்றியே இருக்கிறது. காரணம் விரிகுடாவின் நீள ஆழங்களில் இருக்கிறது. இந்த விரிகுடாவில் நீர் ஒருமுறை உள்ளே போய்த் திரும்ப இயல்பாக எடுத்துக்கொள்ளும் நேரம் கிட்டத்தட்ட 13 மணி. நிலவின் ஈர்ப்பால் அட்லாண்டிக்கிலிருந்து ஓதம் வந்து தள்ளுவது 12 மணி 25 நிமிடத்துக்கு ஒருமுறை. ஊஞ்சல் திரும்பும் தருணம் பார்த்துத் தள்ளினால் அது உயர உயரப் போவது போல, இரண்டும் ஏறத்தாழ ஒத்துப்போவதால் நீர் இவ்வளவு ஏறுகிறது. உள்ளே போகப் போக விரிகுடா குறுகி ஆழம் குறைவதும் சேர்ந்துகொள்கிறது.

பர்ன்ட்கோட் ஹெட் என்ற இடத்தில் இதைக் காலால் உணரலாம். நீர் வற்றியிருக்கும்போது கடலின் தரையில் செம்மண் நிறப் பாறைகளுக்கு நடுவே நடக்கலாம். சில மணி நேரம் கழித்து அதே இடத்தில் கடல் நிற்கும். மேலே ஒரு கலங்கரை விளக்கம் இருக்கிறது. பழையதை 1972இல் எரித்து அகற்றிவிட்டார்கள். பின்னர் ஊர்மக்கள் அதன் நகலைக் கட்டினார்கள். சற்றுத் தள்ளி வால்டனில் 1873ஆம் ஆண்டின் சிறிய மரக் கலங்கரை விளக்கம், உண்மையானது, உள்ளே போகலாம். இந்தக் கரையின் கலங்கரை விளக்கங்கள் பெரும்பாலும் இப்படிச் சிறியவை, மரத்தாலானவை. கனடா அரசு 2008இல் பாரம்பரியக் கலங்கரை விளக்கங்களுக்கான சட்டத்தைக் கொண்டுவந்தது. தொடர்ந்து பெரும்பாலானவற்றைத் தனக்குத் தேவையில்லாதவை என்று அறிவித்துவிட்டது. அதன்பின் பலவற்றை ஊர்ச் சங்கங்கள் எடுத்து வண்ணம் பூசிக் காத்துவருகின்றன. வாசலில் ஒரு நன்கொடைப் பெட்டி இருந்தால் அதில் பணம் போடாமல் நகராதீர்கள்.

ஹால்ஸ் ஹார்பரில் நீர் வற்றும்போது மீன்பிடிப் படகுகள் தரை தட்டிச் சேற்றில் உட்கார்ந்திருக்கும். ஆறு மணி நேரம் கழித்து அவை துறைமேடையின் உயரத்துக்கு மிதந்து வரும். அங்கே தொட்டியிலிருந்து உயிருள்ள சிங்கி இறாலை எடை பார்த்து நீங்களே தேர்ந்தெடுக்கலாம். உடனே வேகவைத்துத் தருவார்கள். விரிகுடாவின் உட்பகுதியில் இறால் பருவம் ஜூலை 31 வரை நீள்கிறது. ஜூன், ஜூலையில் போகிறவர்களுக்குப் புதிதாகப் பிடித்த இறாலும், வேலை செய்யும் துறைமுகமும் இங்கே ஒன்றாகக் கிடைக்கும். நம் பக்கத்துக் கல் இறாலுக்கு இல்லாத பெரிய இரண்டு இடுக்கிகள் இதற்கு உண்டு. சுவையான சதை அந்த இடுக்கிகளில்தான். உருக்கிய வெண்ணெயைத் தவிர வேறொன்றும் தரமாட்டார்கள், வேறொன்றும் தேவைப்படாது.

டிக்பி ஸ்கேலப் சிப்பிக்குப் பேர்போனது. ஓட்டைத் திறந்து மூடும் வெள்ளைத் தசையை மட்டும் எடுத்து, சூடான வாணலியில் பக்கத்துக்கு ஒன்றிரண்டு நிமிடம் வாட்டுவார்கள். இயல்பான இனிப்பு அதில் இருக்கும். மாவில் தோய்த்து எண்ணெயில் பொரித்ததையும் பட்டியலில் காண்பீர்கள்; அதைக் கேட்காதீர்கள், மாவின் சுவைதான் மிஞ்சும். டிக்பிக்குத் தெற்கே நீளும் கிளேர் பகுதி அகேடியர்களுடையது. 1755 முதல் பிரிட்டிஷார் நாடுகடத்திய பிரெஞ்சு மொழிக் குடியானவர்கள் இவர்கள். கிராண்ட் பிரே என்ற இடத்தில் கடலை அணைகட்டித் தடுத்து அவர்கள் உருவாக்கிய வளமான வயல்களை 2012இல் யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னமாக ஏற்றது. பின்னாளில் திரும்பி வந்தவர்களுக்கு அந்த வயல்கள் கிடைக்கவில்லை. பலர் இந்தப் பாறைக் கரையில் குடியேறினார்கள். அவர்களின் ராப்பி பை என்ற உணவில், துருவிய உருளைக்கிழங்கின் நீரைப் பிழிந்து எடுத்துவிட்டு, அதே அளவுக்குக் கொதிக்கும் கோழிச்சாற்றை ஊற்றி, கோழியோ மட்டியோ வைத்து மணிக்கணக்கில் அடுப்பில் வேகவிடுகிறார்கள். பார்வைக்குக் களி மாதிரி குழைவாக இருக்கும். மேலே பொன்னிறமாகச் சுட்டிருக்கும் மொறுமொறுப்பான பகுதிக்காகவே அதைச் சாப்பிடலாம்.

டிக்பியிலிருந்து ஒரு குறுகிய நிலநாக்கு கடலுக்குள் நீள்கிறது. அதன் முனையில் ஒரு படகு, லாங் தீவைக் கடந்தபின் மற்றொரு படகு என்று காரோடு கடல்தாண்டிப் போனால் பிரையர் தீவு. உலகைத் தனியாகப் பாய்மரப் படகில் முதலில் சுற்றிவந்த ஜோஷுவா ஸ்லோகம் சிறுவயதில் வளர்ந்த இடம். தீவுக்கும் அதை ஒட்டிய நீருக்குமாக மூன்று கலங்கரை விளக்கங்கள். விரிகுடாவின் வாயில் இது. ஓதம் ஆழத்து நீரைக் கிளறி மேலே கொண்டுவருவதால் சிறு மீன்களும் நுண்ணுயிர்களும் பெருகுகின்றன, அவற்றைத் தின்னத் திமிங்கிலங்கள் வருகின்றன. கோடை முழுவதும் கூன்முதுகுத் திமிங்கிலங்களைப் பார்க்கப் படகுகள் போகின்றன. மூடுபனி வந்தால் எதுவும் தெரியாது. ஆகவே ஒரு நாளை உபரியாக வைத்துக்கொண்டு இங்கே தங்குங்கள். அன்று போய் அன்றே திரும்ப நினைப்பது வீண்.

கேப் பிரெட்டனைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். கலங்கரை விளக்கங்களுக்காக மட்டும் என்றால் அங்கே போக வேண்டாம். ஹாலிஃபாக்ஸிலிருந்து தீவிலுள்ள பேடெக் ஊர் வரை 350 கிலோமீட்டர். அதன்பின் தீவின் வடபகுதியைச் சுற்றும் கேபட் டிரெயில் சாலை 298 கிலோமீட்டர். மலை நேராகக் கடலில் இறங்கும் அந்தச் சாலை இந்த நாட்டின் பெருமைகளில் ஒன்று, சந்தேகமில்லை. ஆனால் அது மலைக்கான பயணம். விதிவிலக்கு லூயிஸ்பர்க். பிரெஞ்சுக்காரர்கள் 1734இல் ஏற்றிய, கனடாவின் முதல் கலங்கரை விளக்கம் அங்கே இருந்தது. இரண்டே ஆண்டில் எண்ணெய் தீப்பிடித்து எரிந்தது. திரும்பக் கட்டியது 1758 முற்றுகையில் அழிந்தது. இப்போதுள்ள 1923ஆம் ஆண்டுக் கோபுரத்தின் அருகே பழைய அடித்தளத்தின் சிதைவுகளைக் காணலாம். துறைமுகத்தின் எதிர்ப்புறத்தில், 1960களில் தொடங்கி மீளக் கட்டிய பிரெஞ்சுக் கோட்டை நகரம். அன்றைய முறையில் சுட்ட ரொட்டியை அங்கே வாங்கலாம். நீல்ஸ் ஹார்பரில் 1899ஆம் ஆண்டுக் கலங்கரை விளக்கத்துக்குள் கோடையில் ஐஸ்கிரீம் விற்கிறார்கள். பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு அது போதும். இறால் பருவம் மே நடுவில் தொடங்கி ஜூலை நடுவில் முடிந்துவிடும்.

இத்தீவின் வடக்கு சிட்னியிலிருந்து நியூஃபவுண்ட்லாந்துக்குக் கப்பல் போகிறது. 1986 ஆகஸ்டில் உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்த 150க்கும் மேற்பட்ட ஈழத் தமிழர்களை மீனவர்கள் கண்டு காப்பாற்றியது அந்தக் கரையில். அங்கே போய் நிற்க விரும்பும் தமிழர்கள் உண்டு, போகவும் வேண்டும். ஆனால் கப்பலும் அதன்பின் நெடுஞ்சாலையுமாகப் பல நாள் பிடிக்கும். அதைத் தனிப்பயணமாக வைத்துக்கொள்வதே அந்த இடத்துக்குச் செய்யும் நியாயம்.

இனி முடிவு. மூன்று நான்கு நாள்தான் இருக்கிறது, நெடுநேரம் காரில் உட்கார முடியாத பெற்றோர் உடன் வருகிறார்கள் என்றால் தென்கரை. லூனன்பர்க்கில் அறை எடுத்துக்கொண்டு, பெக்கீஸ் கோவுக்கு அதிகாலையில் போய்வாருங்கள். ஐந்து நாள் இருந்து, பிள்ளைகள் ஓடக்கூடிய வயதில் இருந்தால் யோசிக்கவே வேண்டாம், பண்டி கரை. ஏழு நாளுக்கு மேல் இருந்தால் தென்கரையையும் பண்டி கரையையும் ஒரே வளையமாகச் சுற்றலாம்: லூனன்பர்க், ஷெல்பர்ன், யார்மத், கிளேர், டிக்பி, வுல்ஃப்வில், ஹாலிஃபாக்ஸ். அந்த வளையத்தோடு கேப் பிரெட்டனைச் சேர்க்காதீர்கள். அதற்குத் தனியாக ஐந்து நாள் ஒதுக்க முடிந்தால், இலைகள் நிறம் மாறும் அக்டோபரில் போங்கள்.

மாதத்தைப் பொறுத்தவரை, ஜூனிலும் ஜூலையிலும் குளிர்ந்த கடல்நீரின் மேல் ஈரக்காற்று வந்து மூடுபனி கட்டும். தென்மேற்கு முனையில் அது மிக அதிகம். செப்டம்பர் தெளிவானது, கூட்டம் குறைந்தது, ஆனால் புயல்களின் மாதம். 2022 செப்டம்பரில் ஃபியோனா புயல் இந்த மாகாணத்தைத் தாக்கியது. இறாலுக்காக ஜூன், திமிங்கிலத்துக்காக ஆகஸ்ட், அமைதிக்காக செப்டம்பர் என்று பிரித்துக்கொள்ளலாம்.

சைவம் சாப்பிடுவோர் முன்னேற்பாடு செய்துகொள்ள வேண்டும். ஹாலிஃபாக்ஸில் இந்திய உணவகங்கள் உண்டு. சிறு துறைமுக ஊர்களில் பெரும்பாலும் உருளைக்கிழங்கும் சாலடும்தான். ஜூலை, ஆகஸ்டில் இளங்காய்கறிகளைப் பாலாடையில் வேகவைக்கும் ஹாட்ஜ் பாட்ஜ் என்ற உணவு சில இடங்களில் கிடைக்கும். சவுடர் என்ற பால் கலந்த மீன் சூப்பில் பன்றிக்கொழுப்பு சேர்ப்பதும் உண்டு, கேட்டுவிட்டு வாங்குங்கள். சமையலறை உள்ள அறையாகப் பார்த்து எடுத்தால் பாதிக் கவலை தீர்ந்தது. மீன் சாப்பிடுகிறவர்கள் ஹேடக் மீனில் செய்த கட்லெட்டை, பச்சைத் தக்காளி ஊறுகாயோடு கேளுங்கள். காரம் இருக்காது, ஆனால் நன்றாகப் பொருந்தும்.

பதிவு செய்யும் வரிசை முக்கியம். பண்டி கரை என்றால் முதலில் ஓத அட்டவணையைப் பாருங்கள்: பர்ன்ட்கோட் ஹெட்டில் பகல் வெளிச்சத்தில் நீர் வற்றும் நாளைக் குறித்துக்கொண்டு, அதன்பின் திமிங்கிலப் படகுக்கு டிக்கெட், அதன்பின் பிரையர் தீவில் அறை, கடைசியில் விமானம். வாடகைக் காரை மட்டும் இவை எல்லாவற்றுக்கும் முன்பே எடுத்துவிடுங்கள். கோடையில் ஹாலிஃபாக்ஸ் விமான நிலையத்தில் அது கிடைப்பது கடினம், கார் இல்லாமல் இந்தக் கரைகளில் எதையும் பார்க்க முடியாது.